முசிறி மண்டி முன்னால் நின்ற வண்டி

புதிதாகச் சிறைக்காவலர் உடுப்பு மாட்டியிருக்கும் தம்பிகளே, உங்களில் பாதிப் பேர் பட்டதாரிகள் என்று கேள்விப்பட்டேன். சந்தோஷம். நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். அரியமங்கலத்தில் ஒரு லேத் பட்டறையில் இரும்புத் தூளைக் கூட்டிப் பெருக்கிக்கொண்டிருந்தேன். உயரத்தையும் மார்பையும் அளந்து பார்த்து என்னை வேலைக்கு எடுத்தார்கள். கடைநிலைக் காவலனாக உள்ளே போனவன், முதல் தலைமைக் காவலனாக வெளியே வந்தேன். சிபாரிசு கேட்டு எவன் வீட்டு வாசலிலும் நின்றதில்லை. ஸ்ரீரங்கத்தில் இன்று நான் படுத்து எழுகிற வீட்டின் ஒவ்வொரு செங்கல்லும் என் உழைப்பு. பெருமை அடித்துக்கொள்கிறான் என்று நினைப்பீர்கள். பெருமைதான். நீங்களும் ஏதாவது செய்துவிட்டு அடித்துக்கொள்ளுங்கள், நான் வந்து உட்கார்ந்து கேட்கிறேன்.

ஒரு தடவை சாம்பார் சரியில்லை என்று ஒரு பிளாக் முழுக்கத் தட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டார்கள். அதிகாரிகள் லத்திக்கு ஆள் அனுப்பினார்கள். நான் ஒரு தட்டை எடுத்துக்கொண்டு அவர்கள் நடுவில் போய் உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட்டேன். “நீங்க சொல்றது சரிதான்டா, இதை என் வீட்டு நாய்கூடத் தொடாது” என்றேன். மொத்த பிளாக்கும் சிரித்தது. வேறு சாம்பார் வைக்கச் சொன்னேன். லத்தி வந்து சேர்ந்தபோது அடிக்க ஆள் இல்லை. இப்படி என்னிடம் நிறைய இருக்கிறது. ஒவ்வொன்றிலும் ஜெயித்தது நான்தான்.

இப்போது சொல்லப்போவதில் ஜெயித்தவர் வேறொருவர். அதனால்தான் இதை எழுதிவைக்க வேண்டும் என்று தோன்றியது.

எங்கள் சிறைக்கு ஒரு ஜெயிலர் மாறுதலாகி வந்தார். என்னைவிட வயதில் நன்றாக இளையவர். நிறையப் படித்தவர், கண்ணாடி போட்டவர், குரலை உயர்த்தத் தெரியாதவர். வந்த முதல் வாரமே நான் மற்றவர்களிடம் சொன்னேன், “இவரு புஸ்தகத்துல நீச்சல் கத்துக்கிட்டு வந்திருக்காரு. முதல் தண்ணியிலயே முங்கிடுவாரு.” அவர் காதுக்கும் அது போயிருக்கும். அவர் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. “மாணிக்கம், வாங்க, உட்காருங்க” என்றுதான் எப்போதும் கூப்பிடுவார். தலைமைக் காவலனை உட்காரச் சொன்ன ஜெயிலரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

ஒருநாள் ஒரு கைதியின் அப்பா இறந்துபோன சேதி வந்தது. வழக்கமாக என்ன செய்வோம்? ஆளைக் கூப்பிட்டு நிறுத்தி, சேதியைச் சொல்லி, தலையை எங்காவது முட்டிக்கொள்கிறானா என்று கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டு நிற்போம். கைதி மேலிருந்து கண்ணை எடுக்கக் கூடாது என்பதுதான் நாங்கள் படித்த முதல் பாடம். இவர் சேதியைச் சொன்னார். அவன் உடைந்து உட்கார்ந்ததும் கதவருகே போய், அவனுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டார். என்னையும் பக்கத்தில் வந்து அப்படியே நிற்கச் சொன்னார்.

“ஐயா, கண்ணை எடுக்கக் கூடாதுங்க” என்று முணுமுணுத்தேன்.

“காது இருக்குல்ல மாணிக்கம். அது போதும். அழறவன் நம்ம மூஞ்சியப் பாத்துக்கிட்டா அழணும்?”

ஆறடி தூரத்தில் ஒருவன் கதறுகிறான், நாங்கள் இரண்டு பேர் சுவரைப் பார்த்து நிற்கிறோம். எனக்குச் சிரிப்புதான் வந்தது. ஆனால் அவன் அழுது முடித்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, தானாக எழுந்து வந்து, “போலாம்ங்க ஐயா” என்றான். அவன் தலை எங்கேயும் முட்டவில்லை. அன்றிலிருந்து எங்கள் சிறையில் அதுவே வழக்கமாகிவிட்டது. கெட்ட சேதி சொன்னால் முதுகு காட்டி நிற்பது.

இனி தங்கவேலுக்கு வருகிறேன்.

முசிறிப் பக்கம் வாழைத்தார் வெட்டிச் சுமக்கிறவன். வாய்க்கால் தண்ணீர்த் தகராறில் பங்காளியை அரிவாளால் வெட்டிவிட்டு உள்ளே வந்தவன். வெட்டுப்பட்டவர் பிழைத்துக்கொண்டார். இவனுக்குத் தண்டனை கிடைத்தது. வாய் பேசாத ஆள். அவனைப் பார்க்க அவன் அம்மா மட்டும் மாதம் தவறாமல் பஸ் ஏறி வருவார். மனு போட்டுவிட்டு வெளியே உட்கார்ந்திருப்பார். பார்வையாளர் பக்கம் அப்போது என் பொறுப்பு. நான் உள்ளே போய்ச் சொன்னால், “வரலைன்னு சொல்லிடுங்கய்யா” என்பான். ஒவ்வொரு தடவையும் அதேதான். அம்மாவின் முன்னால் வந்து நிற்க அவனுக்கு முகம் இல்லை. நானும் போய், “இன்னிக்கு வெளி வேலைக்குப் போயிருக்கான்மா” என்பேன். அந்த அம்மா என்னைப் பார்த்து, “நல்லாச் சாப்புடுறானா தம்பி?” என்பார். நல்லாச் சாப்பிடுகிறான் என்பேன். அது பொய்யில்லை. எழுந்து முந்தானையை உதறிக்கொண்டு போய்விடுவார். நான் சொன்னதை அவர் ஒருநாளும் நம்பியதாக எனக்குத் தோன்றவில்லை.

அந்த அம்மா இறந்தது வைகுண்ட ஏகாதசி அன்று. காலையில் ஸ்ரீரங்கத்தில் சொர்க்க வாசல் திறந்திருக்கிறார்கள், இங்கே எங்கள் ஆபீஸ் போன் அடிக்கிறது. தங்கவேலின் அண்ணன்தான் பேசினார். “தாய்க்குக் கடைசி மகன்தாங்க கொள்ளி வைக்கணும். அவன் வர்ற வரைக்கும் எடுக்க மாட்டோம். ஆனா பொழுது இறங்குறதுக்குள்ள எடுத்தாகணும். எப்படியாச்சும் அனுப்பி வைங்கய்யா.”

சூப்பரண்டு ஊரில் இல்லை. போனில் அனுமதி கொடுத்துவிட்டார். ஆனால் வழிக்காவலுக்குப் போலீஸ் வேண்டுமே! திருச்சியில் தொப்பி போட்ட அத்தனை பேரும் அன்றைக்கு ஸ்ரீரங்கத்துக் கூட்டத்தில் கயிறு பிடித்து நிற்கிறார்கள். கெஞ்சிக் கூத்தாடியதில், ‘இரண்டு பேரை அனுப்புகிறோம், அதற்கு மேல் இல்லை’ என்றார்கள். இரண்டு பேர் போதாது. வேறு எந்த அதிகாரியாக இருந்தாலும் ‘வழிக்காவல் கிடைக்கவில்லை’ என்று எழுதி வைத்துவிட்டுச் சாப்பிடப் போயிருப்பார். யாரும் குற்றம் சொல்லியிருக்க முடியாது.

ஜெயிலர் மறுபடி சூப்பரண்டுக்குப் போன் போட்டார். “மிச்ச ஆளுக்குப் பதிலா நானும் மாணிக்கமும் போறோம் சார்... ஆமா சார், என் பொறுப்புதான்... ஏதாவது ஆனா என் பொறுப்புதான் சார்.” போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். “மாணிக்கம், நீங்க வரமாட்டேன்னாலும் தப்பில்ல.”

“ஐயா, நான் இல்லாம உங்களை யாரு பத்திரமா கூட்டிட்டு வர்றது?” என்றேன். அவர் சிரித்தார். அதுவரை அவரை நான் மரியாதைக்கு ஐயா என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அன்றைக்குத்தான் மனதாரச் சொன்னேன்.

உள்ளே வரும்போது கழற்றி வைத்த வேட்டி சட்டையைக் கொடுத்துத் தங்கவேலை வண்டியின் பின்பக்கம் ஏற்றினோம். நானும் ஐயாவும் அவனோடு ஏறிக்கொண்டோம், போலீஸ்காரர்கள் இரண்டு பேரும் முன்னால். முக்கொம்பு தாண்டியும் அவன் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். குளித்தலைப் பாலத்தில் வண்டி ஏறியதும் காவிரியைப் பார்த்தான். சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டான். பாலம் இறங்கும்போது அவன் அண்ணன் ஜெயிலருக்குப் போன் போட்டார். “பாலம் தாண்டிட்டோம், வந்துகிட்டே இருக்கோம்” என்றார் ஐயா. நேரம் தாராளமாக இருந்தது.

முசிறிக்குள் நுழைந்து வாழைக்காய் மண்டிக்கு எதிரில் வரும்போது தங்கவேல், ஐயாவின் காலைப் பிடித்துக்கொண்டான்.

“நிறுத்தச் சொல்லுங்கய்யா. என்னைத் திருப்பிக் கொண்டுபோய் விட்ருங்கய்யா.”

“என்னடா ஆச்சு?”

“உசுரோட வந்து வாசல்ல உக்காந்திருந்துச்சு. அப்ப மூஞ்சியக் காட்டல. இப்ப எந்த மூஞ்சியோட போயி நெருப்பு வைப்பேன்? ஊரு பாக்குதேன்னு இல்லய்யா. அதைப் பாக்க முடியாது என்னால.”

நான் அதட்டினேன். எனக்குத் தெரிந்த வைத்தியம் அதுதான். “டேய், உங்க அண்ணன் பொணத்தை வச்சிக்கிட்டுக் காத்திருக்காருடா! எந்திரி!” அவன் இன்னும் சுருண்டு போனான். ஐயா என் தோளைத் தொட்டார். வண்டியை ஓரம் கட்டச் சொன்னார். இறங்கி, பின்கதவைச் சாத்தி, அதில் சாய்ந்து, கடைத்தெருவைப் பார்த்து நின்றுகொண்டார். எனக்குப் புரிந்தது. நானும் இறங்கிப் பக்கத்தில் அதேபோல் நின்றேன். முன்னால் இருந்த போலீஸ்காரர்கள் இரண்டு பேருக்கும் நடுத்தடுப்பைத் தாண்டி எதுவும் கேட்கவில்லை. எதற்கு நிற்கிறோம் என்றும் அவர்கள் கேட்கவில்லை.

எங்கள் முதுகுக்குப் பின்னால் ஒருவன் விசும்புகிறான். எங்கள் முன்னால் மண்டியில் தார் ஏலம் நடக்கிறது. தூக்கி நிறுத்தி இழுத்துக்கொண்டு போய்விடலாம்தான். என்னிடம் அதற்கு வேண்டிய பலம் இருந்தது. ஐயாவிடம் கேட்டேன்.

“இழுத்துட்டுப் போயி அவன் கையில நெருப்பைக் கொடுத்தா, அது அவன் வச்ச கொள்ளியா, நாம வச்ச கொள்ளியா? அவனா எந்திரிக்கட்டும்” என்றார்.

எதிரில் டீக்கடை. கடைக்காரர் ஒரு பாய். முன்னால் இருந்த போலீஸ்காரர்கள் டீ வேண்டாம் என்றார்கள். நான் மூன்று டீ சொன்னேன். வந்ததும், திரும்பாமல், கதவைக் கொஞ்சமாகத் திறந்து கையைப் பின்னால் நீட்டி ஒரு டம்ளரை உள்ளே கொடுத்தேன். ஒரு கை வாங்கிக்கொண்டது. டம்ளரைத் திருப்பிக் கொடுக்கும்போது வழக்கம்போல, “பாய், டீ பிரமாதம்” என்றேன். அந்த ஒரு பாராட்டு பின்னால் என் கழுத்துக்கு எப்படி வந்தது என்று பாருங்கள்.

ரொம்ப நேரம் கழித்துத்தான் உள்ளேயிருந்து குரல் வந்தது. “போலாம்ங்கய்யா.”

போனோம். ஊருக்குள் நுழையும்போதே எதிரில் ஈரத் தலையோடு ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். வெளிச்சம் போய்க்கொண்டிருந்ததால் எடுத்துவிட்டார்கள். மொட்டைத் தலையும் ஈர வேட்டியுமாக வந்த அண்ணன், வண்டியைப் பார்த்ததும் பாய்ந்து வந்தார்.

“இப்பத்தான் வர நேரமா? பாலம் தாண்டிட்டோம்னு சொல்லி எவ்வளவு நேரமாச்சு! நடந்து வந்திருந்தாகூட இந்நேரம் வந்திருக்கலாமேய்யா! எங்கம்மா கடைசி மகன் கையால போகல!”

தங்கவேல் வாயைத் திறந்தான். சத்தம் வரவில்லை. ஐயா கையைக் கூப்பினார். “மன்னிச்சுக்குங்க. தாமதமாயிடுச்சு” என்றார். அவ்வளவுதான்.

திரும்பி வரும்போது எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. தங்கவேல் தலை கவிழ்ந்து உட்கார்ந்திருந்தான். அவனுக்குக் கேட்காதபடி ஐயா காதருகே சீறினேன், “எதுக்குங்க நாம வாங்கிக் கட்டிக்கணும்?”

“அண்ணன்கிட்டச் சொல்ல அவனுக்கு அந்த நேரத்துல வாய் வரல. வரும்போது சொல்லிக்கட்டும். அதுவரைக்கும் நம்ம மேல இருந்தா என்ன குறைஞ்சுடப் போகுது?”

குறைந்துதான் போனது. தங்கவேல் விடுதலையாகி ஊருக்குப் போனான். வாய் வரவேயில்லை. ஊரில் கேட்டவர்களிடமெல்லாம், ‘லேட்டாக் கூட்டி வந்தாங்க’ என்று சொல்லியிருக்கிறான். அது வளர்ந்து, ‘வேணும்னே லேட்டாக்கினாங்க’ என்று ஆனது. அண்ணனுக்குத் தம்பி மேல் உயிர். திருச்சி கோர்ட்டில் தம்பி பெயரில் சிறை அதிகாரிகள் மேல் வழக்குப் போட வைத்துவிட்டார். தாய்க்குக் கொள்ளி வைக்கும் உரிமையை வேண்டுமென்றே பறித்தார்கள், அதற்கு ஈடு வேண்டும் என்று வழக்கு. சூப்பரண்டு, ஜெயிலர், கடைசியில் நான். என் பெயரைப் போட்டு வந்த முதல் வழக்கு அது. என் மனைவி அந்தக் காகிதத்தைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு ஒருநாள் முழுக்கச் சமைக்கவில்லை.

எனக்கு ஓய்வு நெருங்கிவிட்டது. ஐயாவுக்கோ பதவி உயர்வுப் பட்டியலில் பெயர் வந்திருந்தது. வழக்கு வந்ததும் நிறுத்தி வைத்துவிட்டார்கள். ‘வேண்டுமென்றே செய்தார்’ என்று கோர்ட் ஒரு வரி எழுதிவிட்டால் அவர் வாழ்க்கை அதோடு முடிந்தது.

அரசு வக்கீல் எங்களைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். ஐயா எழுதிக் கொடுத்த பதிலைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். அதில், ‘முசிறிக்கு உரிய நேரத்தில் வந்துவிட்டோம். அதன் பிறகு வண்டி நின்றதற்குக் காரணம் வாதியின் சொந்த விஷயம். அதை விளக்க விரும்பவில்லை’ என்று இருந்தது.

“விரும்பவில்லையா? இது என்ன பொண்ணு பாக்குற இடமா சார், விருப்பம் இல்லைன்னு சொல்லி அனுப்ப? என்ன நடந்துச்சுன்னு சொல்லுங்க. ஒரு வாரத்துல வழக்கை ஊதித் தள்ளிடறேன்.”

“ஒருத்தன் வண்டிக்குள்ள அழுதது வண்டிக்குள்ளயே இருக்கட்டும் சார். அவன் அந்த ஊர்லதான் பொழைக்கணும். அம்மாவைப் பாக்கவே வரமாட்டேன்னவன்னு தெரிஞ்சா அந்த அண்ணன் இவனை வாசல்ல சேப்பாரா?”

“உங்க வேலை போயிடும் சார்.”

“போனா வேற வேலை தேடிக்கிறேன். எனக்குப் படிப்பு இருக்கு” என்று சொல்லி என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தார். என்னுடைய நீச்சல் கிண்டலுக்கு அவர் கொடுத்த பதில் அது ஒன்றுதான்.

வெளியே வந்ததும் கேட்டேன். “நான் கூண்டுல ஏறணுமே ஐயா. நான் என்ன சொல்லட்டும்?”

“பொய் சொல்லாதீங்க. கேக்காததைச் சொல்லாதீங்க.”

“கேட்டுட்டா?”

“உங்களுக்கு நான் சொல்லித் தரணுமா மாணிக்கம்?” என்றார். ஒரு ஆளை இதற்கு மேல் யாராலும் பெருமைப்படுத்த முடியாது. இதற்கு மேல் மாட்டிவிடவும் முடியாது.

வாதியின் வக்கீல் ஒரு இளம் பெண். அந்த வக்கீலம்மாவைக் குறைத்துப் பேச மாட்டேன். கத்தி மாதிரி மூளை. டீக்கடைப் பாயைச் சாட்சியாகக் கொண்டுவந்தார். பாய் நல்ல மனிதர், கண்டதைத்தான் சொன்னார்.

“அல்லா அறிய உள்ளதைத்தான் சொல்றேன்ங்க. வண்டி ரொம்ப நேரம் நின்னுச்சு. இவங்க ரெண்டு பேரும் கதவுல சாஞ்சுகிட்டு மண்டியை வேடிக்கை பாத்துக்கிட்டு இருந்தாங்க. மூணு டீ வாங்கினாங்க. டீ பிரமாதம்னு இவருதான் சொன்னாரு.”

கோர்ட்டில் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். தங்கவேலும் கூண்டேறி, ‘லேட்டாக்கிட்டாங்க’ என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொல்லிவிட்டு இறங்கினான். பிறகு என் முறை வந்தது.

“முசிறி மண்டிக்கு எதிர்ல வண்டி நின்னுச்சா?”

“நின்னுச்சும்மா.”

“அப்ப நீங்க எங்க இருந்தீங்க?”

“கீழ. கதவுக்கு முதுகு காட்டி நின்னுக்கிட்டிருந்தேன்.”

“கைதியை உள்ள விட்டுட்டு, அவருக்கு முதுகு காட்டிக்கிட்டு?”

“ஆமாம்மா.”

“டீ குடிச்சீங்களா?”

“குடிச்சேன்.”

“அங்க ஒரு தாயோட உடல் மகனுக்காகக் காத்துக்கிட்டு இருக்கு. இங்க நீங்க டீ குடிச்சிட்டு நிக்கிறீங்க. ஏன் நின்னுச்சு வண்டி?”

கேட்டுவிட்டார். தம்பிகளே, ஒரு பிளாக் முழுக்கக் கவிழ்த்த தட்டுகளுக்கு நடுவில் போய் உட்கார்ந்தவன் நான். அன்றைக்கு அந்த மரக்கூண்டின் கட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். உண்மையைச் சொன்னால் வழக்கு முடிந்தது. ஐயா தப்பிப்பார், நான் தப்பிப்பேன். தங்கவேல் கீழே உட்கார்ந்திருக்கிறான். பின் பெஞ்சில் அவன் அண்ணன், வாயைக் கையால் பொத்திக்கொண்டு என்னையே பார்க்கிறார். ஐயாவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தார். எனக்கும் அவர் முதுகு காட்டுகிறார் என்று புரிந்தது. நான் என்ன செய்தாலும் அது நானாகச் செய்ததாக இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

“அம்மா, நாங்க பாக்கல. முதுகு காட்டித்தான் நின்னோம். உள்ள என்னன்னு உள்ள இருந்தவருக்குத்தான் தெரியும். அவரைக் கேளுங்க. அவர் என்ன சொன்னாலும், அது எனக்கு எதிராவே இருந்தாலும், எனக்குச் சம்மதம்.”

“பாக்கலை, சரி. காதும் கேக்கலையா?”

சொன்னேனே, கத்தி. “கேட்டுச்சு” என்றேன்.

“என்ன கேட்டுச்சு?”

பேசாமல் நின்றேன். ஜட்ஜ் ஐயா பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்தார். “சாட்சி பதில் சொல்லணும். சொல்லாம நிக்கிறது உங்களுக்கு நல்லதில்ல.” அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. வக்கீலம்மாவுக்கு மீன் மாட்டிக்கொண்டது என்று தெரிந்துவிட்டது. மெதுவாகச் சிரித்தார்.

“வேண்டாம், சுலபமா ஒண்ணு கேக்கறேன். நீங்க ரெண்டு பேர். மூணு டீ. ஆளுக்கு ஒண்ணரையா? அவ்வளவு ருசியா இருந்துச்சா?”

யாரோ சிரித்தார்கள். சிரிப்பு அடங்குவதற்குள் கீழேயிருந்து ஒரு குரல் வந்தது.

“அந்த மூணாவது டீ எனக்கு வாங்கினதுங்க.”

தங்கவேல் எழுந்து நின்றிருந்தான்.

ஜட்ஜ் ஐயா அவனை மறுபடி கூண்டில் ஏற்றச் சொன்னார். அரசு வக்கீல் துள்ளி எழுந்தார். வாதியின் வக்கீலம்மா நினைத்திருந்தால் தடுத்திருக்கலாம், தவணை கேட்டிருக்கலாம். தன் கட்சிக்காரன் முகத்தைப் பார்த்தார். “அவர் சொல்றது பதிவாகட்டும் ஐயா” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். அந்த வயதில் நான் அப்படித் தோற்றிருப்பேனா என்று பிறகு யோசித்துப் பார்த்தேன். தோற்றிருக்க மாட்டேன்.

தங்கவேல் எல்லாவற்றையும் சொன்னான். அம்மா வந்த நாட்கள், வரமாட்டேன் என்று சொல்லி அனுப்பியது, பாலம், மண்டி. “இவங்க ரெண்டு பேரும் நான் அழுது முடியட்டும்னு வெயில்ல நின்னாங்க. கை மட்டும் பின்னால வந்து டீ கொடுத்துச்சு. மூஞ்சியக்கூடத் திருப்பல. அண்ணன்கிட்ட மன்னிப்புக் கேட்டதும் ஜெயிலர் ஐயாதான். கேட்டிருக்க வேண்டியவன் நானு.”

வெளியே வராந்தாவில் அண்ணன் தம்பியை நிறுத்தினார். அடிக்கப் போகிறார் என்று நான் நடுவில் போனேன்.

“போறப்பல்லாம் உன்னைப் பாத்தேன்னுதானடா சொல்லுச்சு அம்மா? நல்லா இருக்கான், நல்லாச் சாப்புடுறான்னு சொல்லுமே?”

தங்கவேல் என்னைப் பார்த்தான். “சாப்புடுறானான்னு மட்டும் என்கிட்டக் கேப்பாங்க. நான்தான் சொன்னேன்” என்றேன்.

அண்ணன் சுவரில் சாய்ந்துகொண்டார். “எங்கிட்டேயிருந்து உன்னை அம்மா காப்பாத்தியிருக்கு, பாத்தியா” என்றார். தோளில் கிடந்த துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். ஐயா என் முழங்கையைப் பிடித்து இழுத்தார். இருவரும் அவர்களுக்கு முதுகைக் காட்டி, கோர்ட் வாசலில் நிற்கிற ஸ்கூட்டர்களைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

பொய் வழக்கு என்று தங்கவேல் மேல் நடவடிக்கை கேட்கலாம் என்றார் அரசு வக்கீல். வேண்டாம், தள்ளுபடி ஆனால் போதும் என்றார் ஐயா. வழக்கு தள்ளுபடியானது, செலவுத் தொகை இல்லாமல். கைதிக்கு முதுகு காட்டி நின்றதாக நாங்களே ஒப்புக்கொண்டது பதிவாகிவிட்டதால் துறையிலிருந்து அதற்குத் தனியாக ஒரு மெமோ வந்தது. “ஆம், நின்றோம்” என்று ஒரே வரியில் பதில் எழுதினார் ஐயா. எச்சரித்து விட்டார்கள். பதவி உயர்வு தாமதமாகத்தான் வந்தது. வேறு ஊருக்குப் போனார்.

அதற்குப் பிறகு வந்த மார்கழியில் தங்கவேல் அம்மாவின் திதி. அவன் என் வீடு தேடி வந்து கூப்பிட்டான். ஐயாவையும் எப்படியோ தேடிப் பிடித்து வரவழைத்திருந்தான். ஸ்ரீரங்கத்தில் காவிரிக் கரை அம்மா மண்டபத்தில் ஒரே கூட்டம். தண்ணீர் ஓரத்தில் தங்கவேல் ஈர வேட்டியோடு உட்கார்ந்து எள்ளும் பிண்டமுமாகக் காரியம் செய்துகொண்டிருந்தான். இந்தத் தடவை நீதான் செய்ய வேண்டும் என்று அண்ணன் பின்னால் உட்கார்ந்துகொண்டாராம். நானும் ஐயாவும் படிக்கட்டின் மேலே நின்றோம். உடுப்பு இல்லை, வழிக்காவல் இல்லை. அவன் கைதியும் இல்லை. இருந்தாலும் அவன் தோள் குலுங்க ஆரம்பித்ததும் ஐயா மெல்லத் திரும்பி, ஆற்றுக்கு முதுகைக் காட்டி, கடைத்தெருவைப் பார்த்து நின்றுகொண்டார். நானும் திரும்பினேன்.

கீழேயிருந்து தங்கவேல் கூப்பிட்டான்.

“ஐயா, இன்னிக்குத் திரும்பிப் பாக்கலாம்ங்க. பாருங்க, நான் கொடுக்கிறேன்.”

ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு இருவரும் ஆற்றைப் பார்த்துத் திரும்பினோம்.